அண்ணன் தள்ளி வைத்த விருந்து

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் எப்படிப் போனார் என்று தேனியிலும் ஜெயமங்கலத்திலும் நாலு விதமாகப் பேசுகிறார்கள். மாரடைப்பு என்றார்கள். குடி என்றும் சிலர் சொன்னார்கள். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷர் அவர். கடைசியில், பேச்சியக்கா மலையிலிருந்து கொண்டுவந்த விஷக் காளான்தான் காரணம் என்ற பேச்சு நிலைத்துவிட்டது. காளான் என்பது உண்மை. பேச்சியக்கா கொண்டுவந்தார் என்பது பொய். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். தங்கை என்பதால் மன்னிப்பார்.

ஜெயமங்கலத்தில் ஒரு சின்ன விவசாயக் குடும்பத்தில் பிறந்தோம். அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. இடி மழை பெய்த மறுநாள், பக்கத்து வீட்டார் காளான் குழம்பு வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அப்பா வயலிலிருந்து வரட்டும் என்று அம்மா அதை மூடி வைத்தார். அண்ணன் மூடியை நீக்கி விரலை விடப்போனார். நான் அம்மாவிடம் கோள் சொன்னேன், அவருக்கு நன்றாக அடி விழுந்தது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். அம்மா அந்தக் குழம்பைக் கிண்ணத்தோடு கொல்லையில் புதைத்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தால் அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது என்று அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேருமே நம்பினோம்.

மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னையிலும், பிறகு வெளிநாட்டிலும் பெரிய பெரிய ஓட்டல் அடுப்படிகளில் அண்ணன் பதினெட்டு வருஷம் நின்றார். கையில் தீக்காயம் இல்லாத இடம் கிடையாது. திரும்பி வந்து அல்லிநகரத்தைத் தாண்டிப் பன்னிரண்டு மேசை போட்டு உணவகம் ஆரம்பித்தபோது, வருகிறவர்களைக் கவனிப்பதும் சரக்கு வாங்குவதும் என் பொறுப்பானது. மெனு கார்டு கிடையாது. அன்று பள்ளத்தாக்கில் என்ன கிடைத்ததோ அதில் ஒன்பது சின்னத் தட்டு. திராட்சை இலையில் பொதிந்து சுட்ட அயிரை மீன், பன்னீர் திராட்சை ரசம், கம்பஞ்சோற்றின் மேல் புற்றுக் காளான். இதற்காகக் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் போட்டு வந்தார்கள். அவரிடம் தொழில் பழகியவர்கள் இன்று எத்தனையோ ஊர்களில் தலைமைச் சமையல்காரர்களாக இருக்கிறார்கள்.

நம் சொந்தக்காரர்கள் மட்டும் வரவில்லை. "அங்கன போனா வெளக்கு வச்சுத்தான் சோத்தத் தேடணும்" என்று எங்கள் சித்தப்பா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் கூடச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அடுப்படியில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. காட்டிலிருந்து எது வந்தாலும், முதலில் அவர் சாப்பிடுவார். ஒரு பகல், ஒரு இரவு போக வேண்டும். அதன் பிறகுதான் விருந்தாளிக்கு. அவர் சாப்பிடும்போது நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், மறுநாள் வரை முகத்தையும் கண்ணையும் கவனிக்க வேண்டும். "எனக்கும் ஒரு வாய் குடுங்கண்ணே" என்று கேட்டால், "ரெண்டு பேரும் தின்னா யாருத்தா பாக்குறது?" என்பார். பத்து வருஷம் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கிண்ணம்தான் எனக்கு ஞாபகம் வரும். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் என் தப்பு.

புற்றுக் காளானை எங்களுக்கு எப்போதும் கொண்டுவருபவர் பேச்சியக்கா. ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். வேரோடு பிடுங்கி, மண்ணோடுதான் தருவார். புற்றுக் காளானின் தண்டு கறையான் புற்றுக்குள் வேர்போல ஆழமாக இறங்கியிருக்கும். விஷக் காளானுக்கு அந்த வேர் இருக்காது, அடி உருண்டையாக முடிந்துவிடும். குடை இரண்டுக்கும் வெள்ளையாகத்தான் இருக்கும். அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பி வேரைப் பார்த்த பிறகே கூடையைத் தொடவிடுவார்.

உணவகத்தின் பத்தாம் ஆண்டுக்குச் சொந்தக்காரர்கள் அறுபது பேரை அண்ணன் விருந்துக்குக் கூப்பிட்டார். சித்தப்பாவை நேரில் போய் அழைத்தார். "இந்த ஒரு தடவை எல்லாரும் வந்து உக்காந்துட்டாப் போதும்" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் மழை விடாமல் பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் நின்றன, பேச்சியக்கா தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டார். விருந்தன்று காலைவரை காளான் இல்லை.

நான் கம்பம் ரோட்டில் தேடிப்போனேன். மழையில் வாழை இலையால் மூடிய கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தார், நான் அதற்கு முன் பார்த்திராதவர். "புத்துக் காளாந்தானம்மா?" என்று கேட்டேன். "புத்துதேங்க்கா" என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. பத்துக் காளானுக்கு நடுவில் ஒன்று கலந்தால் யாருக்குத் தெரியும்? வேரைப் பார்த்தால் தெரியும். அண்ணனுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, வீட்டிலேயே எல்லா வேரையும் நறுக்கி எறிந்துவிட்டு, பளிச்சென்று கழுவி எடுத்துப்போனேன்.

அண்ணன் பாத்திரத்துக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"வேரு எங்கத்தா?"

"நறுக்கிக் கழுவிட்டேண்ணே. நேரம் இல்லைல்ல."

அவர் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். சாயங்காலமே பரிமாறிவிடலாம், சின்ன வயதிலிருந்து தின்கிற காளான்தானே என்று நான் கத்தினேன். சித்தப்பா சிரிப்பார் என்றேன். காளான் இல்லாமலே விருந்து வைக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். என் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

"நான் தின்னு பாக்குறேன். விருந்து நாளைக்கு. எல்லாருக்கும் போனப் போடு" என்றார்.

போட்டேன். "பெரிய ஓட்டல்காரன்ல, நம்ம ஆளுகள அலைய விடத்தான செய்வான்" என்று சிலர் என்னிடமே சொன்னீர்கள். மதியம் அண்ணன் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன், கோபத்தில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே மழையைத்தான் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் வாந்தி ஆரம்பித்தது. விருந்தே இல்லை என்று மறுபடி உங்களுக்குப் போன் செய்தேன். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து பேசினார், பக்கத்திலேயே இருந்த அவர் மனைவி, என் மதினியிடம் கஞ்சி கேட்டார். நாங்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இந்தத் தெளிச்சியை நம்பாதீர்கள், ஈரல் போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஐந்தாம் நாள் அண்ணனின் கண் மஞ்சளாக இருந்தது.

"விருந்துக்காரக யாரும் தின்னுறலயே?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, யாரும் தின்னல."

"அப்பச் சரி. வேரு விசயத்த யாருகிட்டயும் சொல்லாத. ஊரு ஒன்னயத்தான் பேசும்."

சரியென்று தலையாட்டினேன். ஏழாம் நாள் போய்விட்டார்.

நான் சொல்லவில்லை. ஊர் என்னைப் பேசவில்லை, பேச்சியக்காவைப் பேசியது. அவரிடம் இப்போது யாரும் காளான் வாங்குவதில்லை. கோயில் பொங்கலில் அவர் கையால் யாரும் ஒரு செம்பு தண்ணீர்கூட வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் அழுதார். "வேர மட்டும் விட்டுவச்சிருக்கலாமேத்தா" என்றார், அவ்வளவுதான்.

அண்ணனுக்காக இரவு பகல் பார்க்காமல் பாடுபட்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், வெளியூர்களிலிருந்து ஓடிவந்து உணவகத்தை இழுத்து மூடாமல் காத்த அவருடைய மாணவர்களுக்கும், பிணக்கை மறந்து கொள்ளி வைக்க வந்து நின்ற சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பேச்சியக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை. மன்னிப்புத்தான் கேட்கிறேன், உங்கள் எல்லோர் முன்னாலும்.

நினைவு நாளன்று மதியம், அண்ணன் தள்ளி வைத்த விருந்து நடக்கும். அதே அறுபது பேர், அதே ஒன்பது தட்டு. கம்பஞ்சோற்றின் மேல் வைக்கும் காளானைப் பேச்சியக்கா வேரோடு கொண்டுவருவார். முந்தின நாள் காலையிலேயே அதில் ஒரு பங்கை நான் சாப்பிட்டுவிடுவேன். மதினி எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். இந்த மலரை வாசலில் நின்று நானே உங்கள் கையில் கொடுத்தால், உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.