அளவெடுக்காத துவக்கு

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாடகங்களுக்கு ஒத்திகை நடந்தது. ஒன்று என்னுடையது, பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்துக்காகப் போடவிருந்தது. மற்றது மாமாவுடையது, அகதி வழக்கில் நீதிபதிக்கு முன்னால் அவர் நடிக்கவேண்டியது. எனக்கு வசனம் அதிகம். மாமாவுக்கு இருந்தது ஒரேயொரு வசனம். அதையும் அவர் ஒருநாளாவது அப்பாவுக்குப் பிடித்தமாதிரிச் சொன்னதில்லை.

மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. யுத்தம் முடிந்த பிறகு மன்னாரிலிருந்து எப்படியோ லண்டனுக்கு வந்து சேர்ந்து, மோர்டனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு எங்களோடு வருவதைத் தவிர வெளியே போகமாட்டார். பின்னேரங்களில் அப்பா அம்மாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குசினிச் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். கண்ணாடி ஏறியவுடன் அவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்கிற மனிதர் அல்ல, அரசாங்க வக்கீல்.

“நீர் எப்பவாவது ஆயுதப் பயிற்சி எடுத்தனீரோ?”

“இல்லை. நான் கடற்தொழில் செய்தனான். துவக்கைத் தொட்டதே இல்லை.”

இதைச் சொல்லும்போது மாமா மேசையைத்தான் பார்ப்பார். நிமிர்ந்து சொல்லும்படி அப்பா அதட்டுவார். துவக்கைத் தொட்டவனைக் கட்டாயம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பூசை முடிந்து வெளியே நின்ற யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களுக்குக் காசு கொடுத்துப் பிடித்த வக்கீலைவிட கோயில் வாசலில் இலவசமாகக் கிடைக்கும் வக்கீலில்தான் நம்பிக்கை அதிகம். அந்த நாடகத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. யார் எதைக் கேட்டாலும் ‘மாமா மீன் பிடிக்கிறவர்’ என்று சொல்லவேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடமாக்கி வைத்திருந்தேன். வாசல் மணி அடித்தால் வீட்டில் எல்லோரும் செய்கிற வேலையை விட்டு அப்படியே நிற்போம். மாமாவை ஏற்றிக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்று நினைத்து, என் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.

என் நாடகம் அமெரிக்காவில் நடந்தது. அடிமைகளை விடுவிக்கவேண்டும் என்பதில் அதில் வரும் நல்லவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எப்படி என்பதில்தான் பிடுங்குப்பாடு. ஒரு கூட்டம் பத்திரிகை அடிக்கும், பிரசங்கம் செய்யும், மனு அனுப்பும். இன்னொரு கூட்டத்துக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அதன் தலைவர் தாடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். பெற்ற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்கைப் பிடிப்பார். அடிமைகள் திரண்டு வந்து தன்னோடு சேர்வார்கள் என்று காத்திருப்பார். எதிர்பார்த்தபடி யாரும் வரமாட்டார்கள். பிடிபட்டுத் தூக்கில் தொங்குவார். அதற்குப் பின் அதிக காலம் போகாமல் நாடே இரண்டாகி அடிபடும். வகுப்பிலேயே பெரிய தொண்டை எனக்கு என்பதால் கிழவர் வேடம் எனக்கு வந்தது.

கதையைக் கேட்டு அப்பா துள்ளினார். “அவனெல்லோ மனுசன்! மனுக் குடுத்து ஆருக்கு விடுதலை கிடைச்சது?” அப்பா யுத்தம் பெரிதாகுமுன்பே ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்தவர். வீரத்தில் அவருக்கு எப்போதும் பிரியம் உண்டு.

மாமா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். “அந்த அடிமைச் சனத்திட்டை ஆராவது கேட்டவையோ பிள்ளை, சண்டைக்கு வர விருப்பமோ எண்டு?”

“அது நாடகத்தில இல்லை, மாமா.”

“ஓம், இருக்காதுதான்” என்றார்.

கிழவருக்கு ஒரு துவக்கு வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அட்டையில் வெட்டித் தருவார் என்று நினைத்தேன். மாமா தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய், என் பழைய தொட்டிலின் பலகையையும் கூட்டிக் கூட்டி உடைந்த தும்புத்தடியையும் எடுத்து வேலை தொடங்கினார். அம்மாவும் அப்பாவும் வேலையில் இருக்கும் நேரங்களில்தான் செய்தார். நாடகத்தன்று காலையில் அதை என் கையில் தந்தார். கறுப்பு மை பூசி, தோளில் மாட்ட வாரும் கட்டியிருந்தார். என் புத்தகப் படத்தில் இருந்த துவக்கு நீளமாய், ஒல்லியாய் இருந்தது. இதற்கோ வயிற்றுக்குக் கீழே வளைந்த ஒரு பெட்டி இருந்தது.

“மாமா, புத்தகத்தில இப்பிடி இல்லையே?”

“இதுதான் பிள்ளை துவக்கு.” என் தோளில் அதன் அடியை வைத்து, முழங்கையைச் சற்று இறக்கிவிட்டார். விரல் போகவேண்டிய இடத்துக்கு விரல் தானாகப் போனது. எனக்கென்றே தைத்த சட்டைபோல அது சரியாகப் பொருந்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் விடியவே ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். துவக்கைக் கட்டில் விரிப்பால் சுற்றி, அதைத் தூக்க எனக்குப் பாரமாக இருக்கும் என்று மாமாவே டூட்டிங் பள்ளிக்கூடம் வரைக்கும் வரப் புறப்பட்டார். அவர் தனக்குத்தானே போட்டிருந்த கட்டுப்பாட்டை எனக்காக மீறினார். பஸ் நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த விரிப்பு மரத்தோடு ஒட்டி, மறைக்கவேண்டியதை அப்படியே எடுத்துக் காட்டியது. பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் தள்ளிப் போனார். பிறகு இன்னொருவர் போனார். மழைக்கு ஒதுங்க எங்களுக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்து அவர்களுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

கார்கள் சத்தமில்லாமல் வந்தன. இறங்கிய பொலிஸ்காரர்கள் துவக்குகளை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவை ஏறக்குறைய மாமா செய்தது மாதிரியே இருந்தன. மாமா சொன்னது சரிதான் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அவர்கள் வாய் திறக்குமுன்பே மாமா விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, ஈர நடைபாதையில் முழங்காலில் நின்று, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டார். யாரும் அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

“பிள்ளை, அசையாதை” என்றார் மெதுவாக.

அசைய எனக்கு ஏலாது. என் காற்சட்டை நனைந்தது மழையால் மட்டும் அல்ல. இனி மாமாவைக் காணமாட்டோம் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் என் தலையில் இல்லை.

ஒருவர் விரிப்பை விலக்கித் தட்டிப் பார்த்து, மரம் என்றார். துவக்குகள் தாழ்ந்தன. ஒரு பெண் பொலிஸ் என் முன்னால் குனிந்து, பயப்பட வேண்டாம், இதை யார் செய்தது என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டார்.

மாமா மீன் பிடிக்கிறவர் என்றேன்.

அவர் சிரித்து, திரும்பவும் கேட்டார்.

மாமா மீன் பிடிக்கிறவர், அவர் துவக்கைத் தொட்டதே இல்லை என்றேன். அவர் கேட்காத கேள்விக்கு என் வாய் பதில் சொல்லிவிட்டது. பெண் பொலிஸின் சிரிப்பு நின்றது. இன்னும் முழங்காலில் நின்ற மாமாவை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொண்டு, இப்படியான சாமானை வெளியில் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி எங்களை விட்டுவிட்டார்கள். மாமாவால் எழும்ப முடியவில்லை. ஒரு பொலிஸ்காரர் கை கொடுத்துத் தூக்கினார்.

மாமா துவக்கோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டதால், அன்று நாடகத்தில் கிழவர் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டுதான் ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். பின்னேரம் வீட்டில் அம்மா அந்தத் துவக்கைப் பார்த்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டும் எழும்பவில்லை. அப்பா அதைத் துண்டு துண்டாக அரிந்து, பக்கத்து வீதிக் குப்பைத் தொட்டிகளில் பிரித்துப் போட்டுவிட்டு வந்தார். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை அமளியா என்று எனக்குக் கோபமாக இருந்தது.

நீதிமன்றத்தில் மாமா மேசையைப் பார்த்தபடியே தன் வசனத்தைச் சொன்னார். யாரும் நம்பவில்லை, வழக்கு தோற்றது. மேல்முறையீடுகளில் சில வருடங்கள் போன பிறகு புதிய வக்கீல் ஒருவர் பொறுமையாகக் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. மாமா ஆயுத இயக்கத்துக்குத் தானாகப் போனவர் அல்ல, கொண்டுபோகப்பட்டவர். டியூசன் முடிந்து சைக்கிளில் வந்த பிள்ளையை மறித்து ஏற்றியிருக்கிறார்கள். சனத்தின் விடுதலைக்கு என்று சொன்னார்களாம். விருப்பமா என்று கேட்கவில்லையாம். உண்மையான துவக்கு வரும்வரைக்கும் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற மரத்துவக்கு கொடுத்துப் பழக்கினார்களாம். அந்த உண்மைக்குத்தான் அவருக்கு விசா கிடைத்தது.

மாமா இப்போது டூட்டிங்கில் சொந்தமாகத் தச்சுவேலை செய்கிறார். ஒரு தட்டுப் பொருத்துவதற்கும் அளவுநாடாவை நாலு தடவை பிடித்துப் பார்ப்பார். அந்தத் துவக்குக்கு மட்டும் அவர் என்னை அளக்கவே இல்லை. மாமாவுக்கு நல்ல கண்ணளவு என்றுதான் அன்று நான் நினைத்தேன்.