சுவரில் தொங்கும் என் டிப்ளமோ

ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். விவசாயம் படித்த ஆள் ஒருவர் இருந்தால்தான் பூச்சிமருந்து விற்க லைசென்ஸ் கிடைக்கும். அதனால் என் டிப்ளமோ சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார் முதலாளி. காலையில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஊதுபத்தி.

இன்று முக்கொம்பு பக்கம் வாழை போட்டிருக்கும் ஒருவர், மஞ்சளடித்த இலையோடு வந்தார்.

"நல்ல மருந்தா குடுங்க தம்பி."

விசாரித்தேன். மழை விட்ட பிறகும் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறதாம்.

"மருந்தே வேணாங்க. முதல்ல வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிச்சு விடுங்க, இல்லன்னா வேர் அழுகிடும்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அதற்குள் கல்லாவிலிருந்து எழுந்து வந்த முதலாளி, ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இத அடிங்க, சரியாயிடும்."

அவரும் நிம்மதியாக வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி என்னிடம் திரும்பினார். "உன் படிப்பு செவுத்துல இருந்தா போதும்ப்பா. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எடுத்து விடாத."

மதியம் நான் படித்த கல்லூரியிலிருந்து போன். பழைய மாணவர்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம்.

"நீங்க படிச்சது வேலைக்கு யூஸ் ஆகுதா சார்?"

"ரொம்ப மேடம். அது இல்லாம கடையே திறக்க முடியாது."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்று வைத்துவிட்டார்.

கூடப் படித்தவர்களே, உங்களுடையது எந்தக் கடைச் சுவரில் தொங்குகிறது? ஊதுபத்தியாவது காட்டுகிறார்களா?