மைனா அந்தரத்தில் தொங்கிய காலை

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் நான் ஹாய்ஸ்ட் ஆபரேட்டர். மேலே இரும்பு பீமில் ஓடும் மோட்டார், அதிலிருந்து தொங்கும் சங்கிலி, நுனியில் கொக்கி, என் கையில் ஒரு பட்டன் பெட்டி. ஒரு டன் வரை தூக்கலாம். அதுவரை நான் தூக்கியதெல்லாம் இரும்புதான்.

அன்று கவரைப்பேட்டையில் ரயில் ஏறி, தொப்பலாக நனைந்து உள்ளே நுழைந்தால் புது ஷெட்டில் ஒரே கூச்சல். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மெஷின் நிறுத்துவதற்காகத் தோண்டி, கான்கிரீட் போட்டு வைத்திருந்த குழிக்குள் ஓர் எருமை! காம்பவுண்டுச் சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. மழைக்கு ஒதுங்க வந்தது வழுக்கி விழுந்திருக்கிறது. எப்படியோ காலொடியாமல் தப்பித்துவிட்டது. ஆனால் குழியின் இரண்டு பக்கமும் மெஷினைப் பிடிப்பதற்கான போல்ட்டுகள், முழ நீளத்துக்கு ஈட்டி மாதிரி நின்றன. மிரண்டு ஒரு தடவை சாய்ந்தால் போச்சு. அதுவும் நிறைமாதச் சினை.

எருமைக்குச் சொந்தக்காரி, பக்கத்துத் தெருக்களில் பால் ஊற்றும் ஓர் அக்கா, குழிக்குள்ளேயே இறங்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். “மைனா, ஆடாத நில்லுடி என் கண்ணு!” அவ்வளவு பெரிய எருமைக்கு மைனா என்று பேர்!

தீயணைப்பு வண்டி வழியில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தது. வர நேரமாகும் என்றார்கள். எங்கள் சூப்பர்வைசர் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். கழுத்திலோ காலிலோ கயிறு கட்டித் தூக்கக்கூடாது, அகலமான பெல்ட்டுதான் போட வேண்டும், ஒன்று முன்னங்காலுக்குப் பின்னால், இன்னொன்று பின்னங்காலுக்கு முன்னால், சாக்கு வைத்துக் கட்டுங்கள், ரொம்ப நேரம் தொங்கவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். குழிக்கு மேலேதான் என் ஹாய்ஸ்ட் ஓடும் பீம். சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பயம்தான். ஆனாலும் ஆசையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

கொக்கியின் தாழ்ப்பாள், சங்கிலியில் முறுக்கு, பட்டன்கள், எல்லாவற்றையும் பார்த்தேன். வெறும் கொக்கியை ஏற்றி இறக்கினேன். சரியாக இருந்தது. எருமைதான் சரியான இடத்தில் இல்லை. குழியின் கோடியில், பீமை விட்டு விலகி நின்றது.

“அப்டியே சைடுல இஸ்து தூக்கும்மா, இன்னா இப்போ!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

“சாய்ச்சு இஸ்தா ஊஞ்சல் மாதிரி ஆடிப் போயி போல்ட்டு மேல மோதிக்கும்ண்ணே. கொக்கிக்கு நேர் கீழ வரட்டும்.”

எங்கள் ஆள் ஒருவர் டீக்கடைக்கு ஓடி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார். அக்கா ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட மைனா ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. தோலையும் விடவில்லை. நடுவில் வந்து நின்றதும் எங்கள் ரிக்கர் அண்ணன், பெல்ட் மாட்டிக் கை சைகை கொடுப்பவர், இறங்கிச் சாக்கு வைத்து இரண்டு பெல்ட்டையும் மாட்டிவிட்டு ஏணியில் ஏறிவிட்டார். அக்கா மட்டும் வரவில்லை.

“நான் இல்லாங்காட்டி பயந்துக்கும்மா. நான் கூடவே நிக்கிறேன், நீ தூக்கு.”

“நீங்க மேல வந்தாத்தான் பட்டன்ல கை வெப்பேன்க்கா.”

“இன்னாமா பேஜாரு பண்ற, சீக்கிரம் தூக்கு!” என்று கூட்டம் என்னைத் திட்டியது. நான் பட்டன் பெட்டியை விட்டு விலகி நின்றேன். அக்கா முறைத்துக்கொண்டே ஏறி வந்தாள்.

ரிக்கர் அண்ணன் கையை மேலே காட்டினார். அழுத்தினேன். சங்கிலி விறைத்தது. குளம்பு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தினேன். பிரேக் பிடித்து நின்றது. மறுபடி அழுத்தினேன். மைனா மேலே வருகிறது! “தூக்கு, தூக்கு” என்று கூட்டமே கத்துகிறது. நான் அண்ணனின் கையை மட்டும் பார்க்கிறேன். அந்தக் கை மேலேதான் காட்டுகிறது.

“நிறுத்தும்மா!”

கத்தியது அக்கா. “நீ சும்மா இரு” என்று யாரோ அதட்டினார்கள். ஆனால் என் விரல் அதற்குள் பட்டனை விட்டிருந்தது. தூக்கச் சொல்ல ஒருவருக்குத்தான் உரிமை. நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் உரிமை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

பின் பெல்ட் மெல்ல மடிப் பக்கம் நழுவியிருந்தது. ரிக்கர் அண்ணன் நின்ற பக்கத்திலிருந்து அது தெரியவே இல்லை. மைனா ஒரு உதை விட்டது. ஏணியின் இரண்டு படி நசுங்கிப் போனது. அக்கா சற்று முன் நின்ற இடம். நான் மெதுவாக, மிக மெதுவாகத் தரையில் இறக்கினேன். வேறு ஏணி வைத்து, பெல்ட்டைச் சரிசெய்து, முன்னதையும் பின்னதையும் நழுவாதபடி ஒரு கயிற்றால் இணைத்தார்கள். இந்தத் தடவை ரிக்கர் அண்ணனே அக்காவை அந்த மறுபக்கத்தில் நிற்கச் சொன்னார். “நீ அந்தாண்ட பாத்துக்கோ. இன்னா தெரிஞ்சாலும் கத்து.”

மறுபடி ஒரு சாண். நிறுத்தம். பிறகு மேலே, மேலே. நான்கு காலும் தொங்க, காதை ஆட்டிக்கொண்டு, ஷெட்டுக்குள் எருமை பறந்தது! பீமோடு பக்கவாட்டில் நகர்த்தி, மண் தரையில் இறக்கினேன். பெல்ட்டை அவிழ்த்ததும் எழுந்த விசிலில் மழைச் சத்தமே கேட்கவில்லை. மைனா உடம்பை உதறி, சாணி போட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சூப்பர்வைசர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

சில நாள் கழித்து அக்கா தூக்குவாளியில் சீம்பாலோடு கேட்டில் நின்றாள். “கெடேரி கன்னு! உனுக்குத்தான் மொத பங்கு.” வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டியது, ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லோரும் அங்கேயே நின்று தின்றோம்.

இன்றும் பட்டன் பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என்னைச் சுற்றி நிற்பவர்களில் யார் வாயிலிருந்து அந்த “நிறுத்து” வந்தாலும் கேட்கும்படி காதைத் திறந்து வைத்திருக்கிறேன்; வீட்டிலும் அப்படியே இருக்கப் பார்க்கிறேன்.