எந்த ஊர்ல விழுந்துச்சு?

"யாரு அடிச்சாங்கிறதப் பொறகு பேசிக்கலாம். எந்த ஊர்ல விழுந்துச்சு, அதச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே கந்தப்பன் சலூனுக்குள் வருகிறார். காலையிலிருந்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு, லயத்து வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றி, நோட்டன் பிரிட்ஜ் கடைவீதிக்கு இறங்கியிருக்கிறார். முடி வெட்டிக்கொள்ள அல்ல. அவர் தலையில் வெட்டுவதற்கு அதிகம் மிச்சமில்லை. மூலையில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறக்கிறார்.

கத்தி பிடித்துக் காய்ப்பேறிய விரல்களைப் போனின் கண்ணாடி மதிப்பதில்லை. வரைபடத்தைப் பெரிதாக்க மோதிர விரலால்தான் தொட வேண்டும். அந்த விரல் நபாத்தியே, சூர், மர்ஜயூன் என்று தெற்கு லெபனான் முழுக்க நடக்கிறது. கண்டியைத் தாண்டி வடக்கே ஒருமுறையும் போகாத மனிதர் அவர். ஆனாலும் அந்த ஊர்களுக்கு இடையில் பாதை எங்கே வளைகிறது, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்று சொல்வார்.

அந்தச் சண்டையில் சலூன் இரண்டு கட்சி. கடைக்காரர் ஜெயகாந்தன் ஒரு பக்கம், த்ரீவீல் ஓட்டும் துஷாந்த் மறு பக்கம். கிரிக்கெட் மாதிரிதான். டீவியில் வெளிச்சம் ஒன்று வானத்தில் கோடு போட்டால், "அடிச்சான் பாருங்க!" என்று துஷாந்த் தொடையில் தட்டுவான். சண்டை முற்றினால் இருவரும் கந்தப்பன் பக்கம் திரும்புவார்கள். அந்த ரொக்கட் எவ்வளவு தூரம் போகும், எதைத் தடுக்க முடியும், எதை முடியாது? தேயிலைக் கொழுந்தின் நிறை சொல்கிறவரின் குரலில் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பிவிடுவார்.

"நீங்க எந்தப் பக்கம் அண்ணே?" என்று ஒருநாள் துஷாந்த் கேட்டான்.

"எனக்கு அங்க பக்கம் கிடையாது தம்பி. ஒரு ஆளுதான் இருக்கு."

அந்த ஆள் அவருடைய மனைவி ஜீவராணி. மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று நபாத்தியேயில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவர். அவர் போன பிறகுதான் கந்தப்பன் யுத்தச் செய்தி பார்க்க ஆரம்பித்தார். சொந்த நாட்டில் யுத்தம் நடந்த வருஷங்களில் அவர் பார்த்ததுமில்லை, பேசியதுமில்லை. "நம்ம சண்டை நடந்தப்ப ரேடியோவக் கூடச் சத்தமா வைக்க மாட்டோம். தமிழ்ல நியூஸ் கேட்டாலே பயம். இப்பப் பாருங்க, அடுத்தவன் சண்டைக்கு எவ்வளவு சத்தம்" என்று ஒருமுறை சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

போன வருஷ மழையில் ஒரு நாள், இதே நாற்காலியில் இருந்தபோது ஜீவராணியின் அழைப்பு வந்தது. வீட்டுக்காரர்கள் காரில் சாமான் ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டு. பாஸ்போட் வீட்டுக்கார மேடத்தின் கைப்பையில். பக்கத்துத் தெருவில் புகை.

"என்னாங்க, எந்தப் பக்கம் போறது? நீங்கதானே எல்லாம் பாக்குறீங்க, சொல்லுங்க" என்று அழுதார்.

கந்தப்பன் வரைபடத்தைத் திறந்தார். மோதிர விரலால் நபாத்தியேயைப் பெரிதாக்கினார். எந்த விமானம் எங்கிருந்து கிளம்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு பூட்டிய கதவை என்ன செய்வது என்று தெரியவில்லை. "ராணி... ராணி..." என்று பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். லைன் அறுந்தது.

ஜெயகாந்தன் டீவியை நிறுத்தினார்.

"போடுங்க தம்பி" என்றார் கந்தப்பன். "பாக்காம இருந்தாத்தான் இன்னும் பயமா இருக்கு."

அடுத்த நாள் அவர் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. லயத்து வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் நிஷாந்தி கொண்டுவந்த தேத்தண்ணீர் கையிலேயே ஆறியது. பிறகு வேறொரு நம்பரிலிருந்து ஜீவராணி பேசினார். எதிர்வீட்டில் வேலை செய்த எத்தியோப்பியப் பெண் இரும்புக் கம்பியால் பூட்டை நெம்பித் திறந்திருக்கிறாள். இருவரும் மரக்கறி லொறி ஒன்றில் ஏறி பெய்ரூட் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கந்தப்பனின் வரைபடத்தில் அந்தப் பாதை பாதுகாப்பானதாக இல்லை.

சலூனில் சில நாள் எல்லாரும் குரலைத் தணித்துப் பேசினார்கள். பிறகு பழையபடி ஆனது. சண்டை நிறுத்தம் வந்தது, உடைந்தது, திரும்ப வந்தது. ஜீவராணி பெய்ரூட்டில் வேறொரு வீட்டில் வேலை செய்கிறார். பழைய மேடம் திரும்பவில்லை, பாஸ்போட்டும் வரவில்லை. தற்காலிகப் பத்திரம் ஒன்றில் ஊருக்கு வரலாம் என்று தூதரகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது கையில் கிடைக்கும் வாரத்தில் பிளேன் ஓட வேண்டும். "அதுக்குத்தான் தம்பி பாக்குறேன். ஜெயிக்கிறவன் ஜெயிக்கட்டும், பிளேன் ஓடினாப் போதும்" என்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை துஷாந்தும் ஜெயகாந்தனும் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தபோது ஜீவராணியின் அழைப்பு வந்தது. கந்தப்பன் எழுந்து வெளியே போய், கடையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றார். தூறல்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் அமைதியா இருக்கு. சாப்புட்டீங்களா?"

"ராணி, போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டு" என்றார் கந்தப்பன்.

"எதுக்குங்க?"

"நீட்டு."

வாகன ஹோர்ன். யாரோ அரபியில் கூவி விற்கிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலே, உயரத்தில், ட்ரோன் ஒன்றின் மெல்லிய ரீங்காரம் விடாமல் சுற்றுகிறது. கந்தப்பன் கண்களை மூடினார். இடது உள்ளங்கையால் மற்றக் காதை இறுக்கப் பொத்திக்கொண்டு, "சாப்புட்டேன்" என்றார்.