லியோகாடியா வாங்க மறுத்த தேனீப் பெட்டி

எங்கள் ஊரில் கடை கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் ஏரிக்கரைத் திருப்பத்தில் வந்து நிற்கும் லியோகாடியாவின் வேன்தான் கடை. கறுப்பு ரொட்டி, உப்பு மீன், தயிர்க்கட்டி எல்லாம் கிடைக்கும். கேட்காமலேயே ஒரு வசவும் கிடைக்கும். "இந்தக் கால் வீக்கத்தோட பன்றிக்கொழுப்பு கேக்கறியே, உன் டாக்டர் பாவம்" என்பாள், ஊரே கேட்கும்படி. இங்கிதம் என்பது லிதுவேனியர்களின் ரத்தத்தில் ஊறியது என்று நம்புகிற எவரும் அவளிடம் ரொட்டி வாங்கியதில்லை.

ஒருமுறை மாவட்டச் சுகாதார அலுவலகம் பாதிரியார், தபால்காரர், கடைக்காரர் எல்லோரையும் கூட்டி வகுப்பு நடத்தியது. ஒருவர் மனம் உடைந்திருப்பதாகத் தோன்றினால் சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது பாடம். எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஊர் திரும்பியபின் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மரியாதையாக இருக்காது அல்லவா. லியோகாடியா வகுப்பில் பாதி நேரம் தூங்கினாள்.

இங்கே தேனீயை விற்பதில்லை, பகிர்ந்துகொள்வார்கள். ஒருவன் தன் பெட்டிகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அன்றிலிருந்து நீங்கள் அவனுக்குத் தேனீ உறவு. அது ரத்த உறவைவிட மேல் என்பார்கள், குறிப்பாக ரத்த உறவுகளோடு வழக்கு நடத்துகிறவர்கள். அதனால்தான் ஓய்வுபெற்ற வனக்காவலன் ஜெனோனாஸ் அந்தக் கோடையில் பெட்டி பெட்டியாகக் கொடுக்கத் தொடங்கியபோது ஊரே பூரித்துப்போனது. மனைவி இறந்தபின் அவன் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. "என்னைத் தேடி வந்து குடுத்தான்" என்று தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஆல்பினாஸ் எல்லோரிடமும் சொன்னான். தேனீக்களுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அந்த உறவைக் கொண்டாடினான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெனோனாஸ் வேன் முன்னால் நின்று சொன்னான்: "லியோகாடியா, ஒரு பெட்டிதான் மிச்சம். நீ எடுத்துக்க."

"தேன்னாலே எனக்குக் குமட்டும். பள்ளிக்கூடத்துலயே உன் சட்டையில துப்பியிருக்கேன், மறந்துட்டியா?"

"இருந்தாலும் எடுத்துக்க."

"பெட்டியில காதை வச்சு தேனீ இரையறதக் கேட்டுக்கிட்டுத்தானே நீ குளிர்காலத்தைத் தள்ளுவ? அதையும் குடுத்துட்டு என்ன பண்ணுவ?"

"குளிர்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கு. அதெல்லாம் எனக்குத் தேவைப்படாது."

வரிசையில் நின்றவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள். லியோகாடியா அவனை மட்டும் பார்த்தாள். "ஏன்யா, தற்கொலை பண்ணிக்கலாம்னு இருக்கியா?"

யாரோ இருமினார்கள். "நாலு பேர் முன்னாடி இப்படியா கேக்கறது?" என்றான் ஆல்பினாஸ்.

"பெட்டிய வாங்கினப்ப நீ தனியா கேட்டிருக்கலாமே."

ஜெனோனாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஆமா" என்றான். "யாராவது கேப்பாங்கன்னு பார்த்தேன். எல்லாரும் நன்றி சொல்லிட்டுப் போயிட்டாங்க."

வாழ்நாளில் முதல்முறையாக லியோகாடியாவுக்கு வசவு வரவில்லை. "முன்னால ஏறி உக்காரு" என்று மட்டும் சொன்னாள். வரிசையை ரொட்டியில்லாமல் நிறுத்திவிட்டு, அவனை மாவட்ட மருத்துவமனைக்கு ஓட்டிப்போனாள். டாக்டர் அவனை உள்ளே அழைக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். மீன் எல்லாம் வீணாயிற்று. அதற்கு மட்டும் வரும்வழி முழுக்கத் திட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மறுவாரம் பெட்டி வாங்கியவர்கள் வீடுதோறும் போனாள். "உறவுன்னு பீத்திக்கிட்டீங்கல்ல? அவன் வந்ததும் உறவா நடந்துக்கங்க."

ஜெனோனாஸ் திரும்பி வந்தபோது அவர்கள் தினம் ஒருவராக வந்தார்கள், தேனீ வளர்ப்பில் சந்தேகம் கேட்டார்கள். ஆல்பினாஸின் அறியாமை துளியும் நடிப்பில்லாதது. அவனுடைய தேனீக்களைக் காப்பாற்றவே ஜெனோனாஸ் அடிக்கடி நடந்துபோய்த் திட்ட வேண்டியிருந்தது. மருந்தும் பேச்சு சிகிச்சையும்தான் வேலை செய்தன என்கிறார் டாக்டர். ஆல்பினாஸின் தேனீக்கள் என்கிறது ஊர். இரண்டுமே சரியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசிப் பெட்டி இன்னும் ஜெனோனாஸின் தோட்டத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியை எடுக்கும்முன் லியோகாடியா கேட்பாள்: "அந்த நெனப்பு வந்துச்சா?"

"செவ்வாக்கெழம கொஞ்சம் வந்துச்சு. ஆல்பினாஸ் வீட்ல போய் உக்காந்துட்டேன். காப்பி மகா மட்டம். ஒரு ரொட்டி குடு."

பின்னால் நிற்கும் ஆல்பினாஸ் இப்போதெல்லாம் மேகத்தைப் பார்ப்பதில்லை. தனக்கும் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று தானாகவே ஆரம்பிக்கிறான்.

"உன் முறை வரட்டும்" என்கிறாள் லியோகாடியா.