நான் கொடுக்காத பத்திரிகை

வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் கல்லூரிப் பியோன் வந்து, நாகமுத்து மாஸ்டர் காலமாகிவிட்டார் என்றார். உடுப்பிட்டியில் எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அழுகைக்கு முன் எனக்கு வந்தது வெட்கம். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

அவர் விஞ்ஞானமும் நான் தமிழும் ஒரே கல்லூரியில் படிப்பித்தோம். கல்லூரிச் சஞ்சிகைக்கு நான் ஆசிரியர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் அவர் ஒரு கட்டுரை தந்தார். சூரியன் ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை வீசுகிறது. அதன் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. கமராவைக் காற்றுக்கு மேலே அனுப்பினால்தான் படம் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தார்.

“மேலை ஆர் நிண்டு பிடிக்கிறது மாஸ்டர்? நீரோ?” என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

“ஆளில்லாமலும் அனுப்பலாம் பண்டிதர். நாங்கள் உயிரோடை இருக்கேக்கையே நடக்கும்,” என்றார்.

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். ‘ஆகாயப் படக்காரர்’ என்று பட்டமும் வைத்தேன். அது மாணவரிடமும் பரவி, ஒருநாள் கரும்பலகையில் ஏறியது. அவர் அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாராம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரும் பத்திரிகையை இரு வீட்டுக்கும் ஒன்றாகவே எடுத்தோம். நான் வாசித்ததும் வேலிக்கு மேலால் நீட்டுவேன். அவர் நோயில் விழுந்தபின் உள்ளே போய்க் கையில் கொடுப்பேன். யுத்தம் முடிந்த மறு ஆண்டு அந்தச் செய்தி வந்தது. அமெரிக்கர் ஜெர்மானிய ரொக்கெற் ஒன்றில் கருவி ஏற்றி அனுப்பி, அந்த ஒளியைப் படம் பிடித்துவிட்டார்கள்.

“இண்டைக்குப் பேப்பர் வரேல்லை மாஸ்டர்,” என்றேன்.

நாளைக்குக் கொடுப்போம் என்று தள்ளித் தள்ளி மூன்று கிழமை போயிற்று. அவரும் போய்விட்டார்.

எட்டாம் நாள் செலவுச் சடங்கன்று அந்தப் பத்திரிகையை அவர் மனைவியிடம் கொடுத்தேன்.

“அவருக்கு இது தெரியும் பண்டிதர். இந்தப் பேப்பர் வந்த அண்டைக்குப் பின்னேரமே என்ரை தம்பி நெல்லியடியிலை வாங்கிக்கொண்டந்து காட்டினவன். வாசிச்சுப்போட்டு அழுதவர். ‘பண்டிதர் தானாக் கொண்டந்து தருவர், நீ ஒண்டும் கதையாதை’ எண்டவர்.”

அந்த மூன்று கிழமையும் நான் பத்திரிகை நீட்டும்போதெல்லாம் அவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். நோயின் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

மாஸ்டர், நீங்கள் சொன்னது சரி. நான் சிரித்தது பிழை. இந்த இரண்டு வசனத்தையும் சொல்லாமலே உங்களைச் சுடலைவரை தூக்கிக்கொண்டு போனேன். போய் வாருங்கள்.