இடமில்லை என்று சொன்ன டிஸ்க்

பேய், பிசாசு, கண்ணுக்குத் தெரியாத கை, எதையுமே நான் நம்பினவனில்லை. இருபத்திரண்டு வருடமாகத் திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். என் மேசைக்கு வந்த ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில், காற்று தெருப் புழுதியை எல்லாம் அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு பகலில், கோமதியக்கா தன் ஆபீஸ் கம்ப்யூட்டரை முந்தானையால் மூடி ஆட்டோவில் கொண்டுவந்தார். போர்வெல் ரிக் வண்டி ஓட்டும் குடும்பம். எந்த ஊர்த் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர், எங்கே பாறை என்று, இறந்துபோன அவர் கணவர் பதினெட்டு வருடமாக அதில் ஏற்றி வைத்திருந்தார். அந்த சாஃப்ட்வேர் அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும், எழுதியவர் எங்கே என்றும் தெரியாது. டிஸ்க்கோ நிரம்பிப்போய்க் கடகடத்துக்கொண்டிருந்தது. விண்டோஸோடு சேர்த்து அப்படியே, அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு டெராபைட் புது டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

“அது போச்சுன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் துளை போடோணுமுங்க தம்பி. ரெண்டு துளை பொய்ச்சா அப்புறம் ஒருத்தனும் கூப்புட மாட்டான்” என்றவர், புது டிஸ்க்கின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

“அக்கா, இது தோட்டமில்லைங்க.”

“இருக்கட்டுமுங்க. பழம் வெக்காம எங்க வண்டி ஸ்டார்ட்டே ஆவாது.”

படம் பார்த்துப் பொத்தான் அமுக்குகிற வேலையெல்லாம் எனக்கு ஆகாது. கறுப்புத் திரையில் கையால் கட்டளை அடிப்பவன் நான். எதிலிருந்து, எதற்கு, இரண்டே சொல், பேசிக்கொண்டே அடித்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, நம்பினால் நம்புங்கள், எழுதும் டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. சின்னதைப் பெரியதில் ஊற்றினால் இடம் எப்படிப் போதாமல் போகும்? இரண்டையும் மாற்றி அடித்திருக்கிறேன். புது டிஸ்க்கின் வெறுமையை எடுத்து அந்த மனிதரின் பதினெட்டு வருடத்தின் மேல் பூசிவிட்டேன்.

“ஏனுங்க தம்பி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? கரண்டு கிரண்டு புடிச்சுருச்சுங்களா?”

உண்மையைச் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டுமே என்று புது டிஸ்க்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். விண்டோஸ் வந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“எருமப்பட்டி, மேக்காலத் தோட்டம், அறநூத்திப் பத்தடி. எல்லாமே இருக்குதுங்க! கைராசிக்காரருன்னு சொன்னாங்க, பொய்யில்லீங்க.”

தலையாட்டினேன். அந்தப் பாராட்டை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அவர் போனதும் பழைய டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தேன். தலை முதல் கால் வரை வெறும் பூஜ்யம். நான் சரியாகத்தான் அடித்திருப்பேன், மாற்றி அடித்ததாக வீணாய்ப் பயந்திருப்பேன் என்பீர்கள். தப்பே நடக்கவில்லை என்றால் பழையது எப்படிக் காலியாகும்?

அதுகூடப் போகட்டும். பிரதி எடுத்தால் பழைய டிஸ்க்கின் அளவுக்குத்தான் வரும். மிச்ச இடம் தரிசாகக் கிடக்கும், அதை நான்தான் பிறகு கையால் இழுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த வேலைக்காக அக்கா ஆபீசுக்குப் போனேன். ஒரு டெராவும் ஒரே பாகமாக, மயிரிழை மிச்சமில்லாமல், ஏற்கெனவே சேர்ந்திருந்தது. எவ்வளவு சுத்தமான வேலை. என் கைக்கு அவ்வளவு சுத்தம் வராது.